தகடு சாரின் ஏழு மணி இருட்டு

பிரபஞ்சத்தையே கையும் களவுமாகப் பிடிக்கப் பார்த்த ஒரே ஆள் எங்கள் அருப்புக்கோட்டைத் தெருவில்தான் குடியிருந்தார். நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும், எனக்கு நஷ்டமில்லை.

காலேஜில் பௌதிக வாத்தியார். சட்டைப்பையில் எந்நேரமும் வெளிச்சத்தை வடிகட்டும் ஒரு கறுப்புப் போலராய்டு தகடு இருக்கும். அதனால் தகடு சார். எதையும் அதைத் திருப்பித் திருப்பித்தான் பார்ப்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணை விட்டுவிட்டு, சிவப்பு சிமெண்டுத் தரையின் பளபளப்பு தகட்டில் மங்குவதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

எண்பதுகளின் கடைசியில் அவருக்கு ஒரு பெரிய வேட்டை வாய்த்தது. தெருமுனை சலூன் அண்ணாச்சியிடம் அவர் அதை விளக்கியபோது, நான் முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்தேன்.

"வெட்டவெளி பூரா ஒரு புலம் இருக்கலாம் அண்ணாச்சி. அதுக்கு அளவு உண்டு, திசை கிடையாது. வானத்துக் காந்தமும் அதும் சேந்துச்சுன்னா, அந்த வழியா வார நட்சத்திர வெளிச்சம் ஒரு பக்கமா அதிரும். தகட்டைத் திருப்புனா மங்கிக் காட்டிக்குடுத்துரும்."

"இருக்கா சார் அது?"

"இதுவரை யாரும் பாத்ததில்ல."

"பாத்துருவோம். என்ன வேணும்?"

இருட்டு வேண்டும் என்றார். மழைக்குத்தான் எங்கள் சீமையில் பஞ்சம். மேகமில்லாத வானம் வேண்டியமட்டும் உண்டு. அந்தக் கோடை முழுக்க ஏழு மணியானால் தெருவே விளக்கை அணைத்தது. தறிக்காரர்கள் தறியை நிறுத்தினார்கள். நாங்கள் ரசம் என்று நினைத்து மோரை ஊற்றிச் சாப்பிட்டோம்.

அண்ணாந்து பார்த்துப் பார்த்துச் சாருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அண்ணாச்சி சலூன் கண்ணாடியையே கழற்றிக் கொடுத்தார். சார் அதைச் சாய்த்து வைத்து, அதில் தெரிந்த நட்சத்திரங்களைக் குனிந்தபடி தொலைநோக்கியில் பார்த்தார். தகட்டைத் திருப்பினால் அத்தனையும் மங்கின. மதுரையில் பேராசிரியர்கள் கூட்டத்தில் அறிவிப்பதாக ஏற்பாடு. தெருவே கிளம்ப வேன் பேசியாயிற்று.

கிளம்புவதற்கு முந்தின நாள் சார் சலூனுக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணாச்சி, கண்ணாடியில சாய்வாப் பட்டுத் திரும்புற எந்த வெளிச்சமும் அப்படித்தான் அதிரும். நட்சத்திரத்துல ஒண்ணுமில்ல. தப்பு என்னுது. தெருவையே இருட்டுல உக்கார வச்சுட்டேன்."

தரைப் பளபளப்புக்காகச் சம்பந்தத்தையே கெடுத்துக்கொண்ட மனுசருக்கு இது தோன்றாமல் போயிற்றே! ஆனால் பேசாமல் போயிருந்தால் மதுரையில் ஒரு மாலையாவது விழுந்திருக்கும். அவரோ வேனை வேண்டாமென்று சொல்லிவிட்டு, வீடு வீடாக ஏறி இதையே சொன்னார். எனக்கு அவர்மேல் பெருமை தாங்கவில்லை.

அண்ணாச்சி கத்திரியைத் துடைத்தபடி யோசித்தார். "அப்ப நெசமான வேட்டை இன்னும் ஆரம்பிக்கவே இல்லங்குறீக?"

"ஆமா."

"சரி, கண்ணாடிய நான் எடுத்துக்கிறேன். கழுத்துக்குத் தைலம் தாரேன்."

அன்று மாலை சார் தயங்கித் தயங்கி மாடியேறினார். ஏழு மணி அடித்ததும் தெருவில் ஒரு விளக்கும் எரியவில்லை. யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. மாடியில் சார் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. நாங்கள் காதில் விழாத மாதிரி மோரை ஊற்றிக்கொண்டோம்.