டிக்கியில் இரண்டு உர மூட்டை

அடுத்தவன் களவுக்குத் துணை போகிறவன் ஒழுங்காகத் துணை போக வேண்டும். நடுவில் சொந்த மூளையைக் காட்டக் கூடாது. நான் காட்டினேன்.

தொண்ணூறுகளின் கடைசி. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் லொறி கிளீனர் வேலை எனக்கு. சித்திரை சீசனில் நுவரெலியாவில் மலையேறும் கார் ரேஸ் நடக்கும். அந்த வருஷம் எங்கள் தோட்டத்து மேனேஜர் துரையும் அதற்குப் பேர் கொடுத்தார்.

"கார் ஜெயிச்சா டிரைவர் வேலை ஒனக்குத்தான்" என்றார்.

டிரைவருக்குத் தனி வீடு. நாங்களோ லயத்து வரிசை வீட்டில், ஒரே அறையான காம்பராவில் அம்மா, தங்கச்சி, நான், மழை. (நல்ல இடம் மழைக்குத்தான்.)

துரையின் ஜப்பான் காரில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் இருந்தது. டயர் வழுக்கினால் இஞ்சின் வேகத்தைத் தானே அடக்குகிற சாமான். ரேஸில் அதற்குத் தடை. ஓட்டுகிறவன் தன் கையால், காலால் சமாளிக்க வேண்டுமாம். துரை சமாளித்தார்.

"சோதனைக்கு முன்ன அதோட ஃபியூஸைக் கழட்டு. முடிஞ்சதும் மாட்டு. வாயைத் தொறக்காத."

கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். அத்தோடு நின்றிருக்கலாம். மழை தூறியது. வெறும் லொறி சேற்றில் வழுக்கினால் பின்னால் உர மூட்டை ஏற்றுவது எங்கள் தோட்டத்து வழக்கம். நாங்கள் வந்த லொறியில் மூட்டைகள் கிடந்தன. இரண்டைத் தூக்கி காரின் டிக்கியில் வைத்தேன்.

சோதனைக்கு வந்த அதிகாரி டிக்கியைத் திறந்தார்.

"இது என்னத்துக்கு?"

"புடிமானத்துக்குங்க சேர்" என்றேன் பெருமையாக. "ஃபியூஸை மறுபடி மாட்டுற வரைக்கும் தாங்கணுமே!"

கார் ரேஸை விட்டு வெளியே. சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள். பக்கத்துக் காரின் மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. அவசரமாகத் தன் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டான். அந்தக் கார்தான் கோப்பை வாங்கியது. சட்டம் பிடித்தது என் உர மூட்டையைத்தான்.

"தோட்டக்காட்டான்! நீ மூட்டை தூக்கத்தான் லாயக்கு" என்றார் துரை. மூட்டைகளை இறக்க வைத்து, மழையில் காரைக் கிளப்பிக்கொண்டு போனார். டயகம வளைவில் வழுக்கித் தேயிலைக்குள் இறங்கினார். பின்னால் லொறியில் வந்த நாங்கள்தான் கயிறு கட்டி இழுத்தோம். ஃபியூஸ் என் பையிலேயே இருந்தது. சொல்லவில்லை. வாயைத் திறக்காதே என்றாரே.

டிரைவர் வேலை, தோட்டத்தில் எங்களை மேய்க்கிற கண்டாக்கின் மருமகனுக்குப் போனது.

காற்றில் கூரைத் தகரம் தூக்கும்போதெல்லாம் அம்மா கத்துவாள்: "டேய், ரெண்டு உர மூட்டைய மேல ஏத்துடா, புடிமானத்துக்கு!" சாகும்வரை சொல்லிச் சிரித்தாள். இப்போது தங்கச்சி சொல்கிறாள். அதே காம்பரா, அதே தகரம்.