நடுக்கால் வட்டாட்சியர் கண்ட நவீன அரண்

உலக வல்லரசுகள் குறித்துக்கொள்ளட்டும்: அரசுக் கணினிகளை இணையத் திருடர்களிடமிருந்து முழுமையாகக் காக்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. கண்டுபிடித்தவர், தாமிரபரணி வடகரையில் நடுக்கால் வட்டாட்சியராக வீற்றிருக்கும் திருவாளர் தேவசிகாமணி.

சென்னையிலிருந்து திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. சான்றிதழ் வழங்கும் கணினியின் கடவுச்சொல்லை மூன்று நாளில் மாற்ற வேண்டும். பழைய கடவுச்சொல் ஒன்று முதல் எட்டு வரையிலான எண்கள். டீ கொண்டுவரும் கோமுவுக்கே அது மனப்பாடம்.

வேறொருவராக இருந்தால் சட்டென்று மாற்றிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார். தேவசிகாமணி இருபத்தாறு வருட சர்வீசில் கோப்பு இல்லாமல் தும்மியதுகூடக் கிடையாது. கோப்பு திறந்தார். உதவியாளர் சண்முகசுந்தரி புதிய கடவுச்சொல்லை முன்மொழிந்தார். துணை வட்டாட்சியர் கிங்ஸ்டன், 'நடுவில் ஏன் ஒரு நட்சத்திரக் குறி? விளக்கம் தேவை' என்று குறிப்பெழுதினார். விளக்கம் வந்தது. வட்டாட்சியர் பச்சை மையில் ஒப்புதல் அளித்தார். ஆணை பிறந்தது. நகல், இருபத்தொரு கிராம நிர்வாக அலுவலர்களுக்கு. இன்னொரு நகல், தகவல் பலகைக்கு.

"சார், ரகசியத்தப் போயி போர்டுல ஒட்டலாமா?" என்றார் சண்முகசுந்தரி.

"ஒட்டாட்டி, எனக்குத் தெரியாதுன்னு நாளைக்கு எவனாவது எழுதிக் குடுப்பாம்மா. மேல 'மிக மந்தணம்'னு சீல் அடிச்சி ஒட்டுங்க."

கடவுச்சொல் சரியாக இருக்கிறதா என்று சோதித்து அறிக்கை தரும்படியும் ஆணையில் இருந்தது. இருபத்தொரு பேரும் வியாழன் காலை பதினொரு மணிக்கு ஒன்றாகச் சோதித்தார்கள். பாதிப்பேர் நட்சத்திரத்தை விட்டுவிட்டார்கள். கணினி மிரண்டு, தன்னைத்தானே பூட்டிக்கொண்டது.

திரையில் சிவப்பெழுத்து: 'அனுமதி இல்லை.' தேவசிகாமணிக்குப் புல்லரித்தது. எவனாலும் நுழைய முடியாது. தன்னாலேயே முடியவில்லையே!

மறுநாள் வாழைத்தார் வியாபாரி அசன் மைதீன், மகள் தஸ்மியாவோடு வந்து நின்றார்.

"சார், எம்மவ கவுன்சிலிங்குக்குச் சாதிச் சான்று வேணும். எழுதிப் போட்டுப் பதிமூணு நாளாச்சி. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஏத்தலேன்னா கோட்டா சீட்டு போயிரும்."

"அண்ணாச்சி, உள்ள யாருமே போக முடியாது. அப்படியாப்பட்ட பந்தோபஸ்து!"

"நீங்க உள்ள போவாண்டாம் சார். இங்கன ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டுத் தாங்க."

"தாளா? தாள் செல்லாது வே. எல்லாம் டிஜிட்டல் ஆயிட்டு."

தஸ்மியா குறுக்கிட்டாள். "சார், பாஸ்வேர்டு வெளிய போர்டுல இருக்கே?"

"அது தகவலுக்குத்தாம்மா. உபயோகத்துக்கு இல்ல."

"அப்போ எப்போ சார் தொறக்கும்?"

"சென்னைக்கு எழுதியாச்சி."

"மெயில்லயா?"

தேவசிகாமணி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "இந்தக் காலத்துல மெயில நம்பலாமா பிள்ள? ரிஜிஸ்டர் தபால்ல."

"கேக்குதேன்னு தப்பா எடுத்துக்கிடாதீங்க சார்," என்றார் அசன் மைதீன். "திருடன் வந்தா என்னத்தத் தூக்கிட்டுப் போவான்? எம்மவ சாதியையா?"

"அண்ணாச்சி, இது தேசப் பாதுகாப்பு. பைய பேசுங்க."

தஸ்மியா வராந்தாவில் உட்கார்ந்து, விண்ணப்பத்தின் நிலையைக் கைபேசியில் பார்த்துக்கொண்டே இருந்தாள். 'பரிசீலனையில் உள்ளது' என்றது. மறுபடி பார்த்தாள். அதுவே. ஐந்து மணி அடித்தது. அப்பா அவள் கையிலிருந்து கைபேசியை மெல்ல வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பத்து நாள் கழித்துச் சென்னையிலிருந்து பூட்டைத் திறந்துவிட்டார்கள். கூடவே ஒரு கேள்வி: அந்த வெள்ளிக்கிழமை ஒரே கைபேசி எண்ணிலிருந்து நாற்பத்து மூன்று முறை கணினியைத் தட்டியிருக்கிறார்களே, அது தாக்குதலா?

தேவசிகாமணி இரண்டு நாள் ஆலோசித்து, 'ஆம். முறியடிக்கப்பட்டது' என்று பதில் எழுதினார்.

மாநிலத்தின் சிறந்த இணையப் பாதுகாப்பு விருது நடுக்காலுக்கே வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு, வட்டாட்சியரின் நாற்காலிக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். 'தடுக்கப்பட்ட ஊடுருவல்: ஒன்று' என்று அதில் பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறது.

அந்த ஒன்றுக்கு வயது பதினேழு. அவளுக்கு எந்தக் கல்லூரியிலும் இடம் கிடைக்கவில்லை.