சுகுணாவை விசாரிக்க வந்தவங்க

ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு இருந்தது ரொம்பச் சின்ன வேலை. என் ரிசப்ஷனிஸ்ட் சுகுணா ரத்த சாம்பிளை லேப்ல குடுத்துட்டு வர்ற வரைக்கும், அரை மணி நேரம் அவ சீட்ல உக்காந்திருக்கணும்.

அதைக்கூட ஒழுங்கா செய்யல நான்.

பெங்களூர் பக்கம் ஹெப்பகோடியில சின்னதா ஒரு கிளினிக் வெச்சிருக்கேன் மக்களே. ஒரு டாக்டர், ஒரு ரிசப்ஷனிஸ்ட், ஒரு ஃபேன். இதுல ஃபேன் மட்டும்தான் பர்மனென்ட்.

ஒரே வருஷத்துல மூணு பேர் வேலையை விட்டுட்டாங்க. ஒருத்தி பக்கத்து ஃபேக்டரிக்குப் போயிட்டா. இன்னொருத்தி வைட்ஃபீல்ட்ல ஏதோ அபார்ட்மென்ட் கிளினிக்குக்கு, அங்க ஏசி இருக்காம். மூணாவது ஆள், "சாப்பிட்டுட்டு வரேன் மேடம்"னு போனா. இன்னும் சாப்பிட்டுட்டுதான் இருக்கா.

நாலாவதா வந்தவ சுகுணா. அப்ப வந்து எட்டு மாசம் ஆகியிருந்துச்சு. என் கையெழுத்தை என்னைவிட நல்லா படிப்பா. சுகர் பேஷண்ட் யாராவது மாத்திரை வாங்க வரலைன்னா, போன் பண்ணி திட்டி வரவழைப்பா. அவ இல்லைன்னா கிளினிக்கை இழுத்து மூட வேண்டியதுதான்.

இந்த நேரத்துல எங்க தெருமுனையிலயே பெருசா ஒரு கிளினிக் வருது. பெயின்ட் அடிச்சு முடிக்கிறதுக்குள்ள "ஆட்கள் தேவை"ன்னு போர்டு மாட்டிட்டாங்க. கீழ மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கற அண்ணன் வேற, "மேடம், அவங்க ஆளுங்க கிளினிக் கிளினிக்கா சுத்தறாங்க. உங்க பொண்ணை பத்திரமா பாத்துக்கோங்க"ன்னு பத்த வெச்சுட்டுப் போனார்.

அன்னைலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல.

அந்தச் செவ்வாய்க்கிழமை சுகுணா லேப்புக்குக் கிளம்பின கொஞ்ச நேரத்துல ரெண்டு பேர் வந்தாங்க. அம்பத்தஞ்சு வயசுல ஒரு அம்மா. கூட கைப்பையோட ஒருத்தர், அவங்க தம்பியாம். இருமல் இல்ல, காய்ச்சல் இல்ல, டோக்கனும் கேக்கல. அந்தம்மா மேஜை மேல விரலை வெச்சு தூசி இருக்கான்னு பாத்தாங்க.

"யாருக்கு உடம்பு சரியில்ல?"ன்னு கேட்டேன்.

"யாருக்கும் இல்லைங்க. நீங்கதான் டாக்டரம்மாவா? இங்க சுகுணான்னு ஒரு பொண்ணு வேலை செய்யுதாமே, அதைப் பத்தி கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்."

வந்துட்டாங்கய்யா, தெருமுனை கிளினிக்காரங்க. என் கிளினிக்குக்கே வந்து, என்கிட்டயே விசாரிக்கறாங்க. என்ன தைரியம் பாருங்க.

நானும் முடிவு பண்ணிட்டேன். கேளுங்க, சொல்றேன்.

"டைமுக்கு வருமா?"

"அவளுக்கு எப்பத் தோணுதோ அப்ப வருவா."

"கோவம் வருமா?"

"கோவம் மட்டும்தான் வரும்."

"காலைல சீக்கிரம் எழுந்திருக்குமா?"

எந்தக் கிளினிக்ல இதைக் கேப்பாங்க? அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல. காலை ஷிஃப்ட்டுக்குக் கேக்கறாங்க போலன்னு நெனச்சு, "பத்து மணிக்கு வந்து இங்கயே தூங்குவா"ன்னேன்.

"சமைக்கத் தெரியுமா?"

கேன்டீன் வேற வைக்கப் போறாங்களா? நம்மகிட்ட ஃபேனே ஒண்ணுதான். வயித்தெரிச்சல்ல சொன்னேன், "வெந்நீர் வைக்கச் சொன்னாலும் பாத்திரத்தைத் தீச்சிடுவா."

அந்தம்மா முகமே செத்துப்போச்சு. தம்பி எழுந்துட்டார். "நல்ல வேளைக்கா, நேர்ல வந்து கேட்டோம்."

வாசல் வரைக்கும் போய் வழியனுப்பி வெச்சேன். அவ்ளோ சந்தோஷம் எனக்கு.

அஞ்சு நிமிஷத்துல சுகுணா மூச்சிரைக்க வந்தா. "மேடம், ஆனேக்கல்லேர்ந்து யாராவது வந்தாங்களா? மாப்பிள்ளையோட அம்மாவும் மாமாவும். நாளைக்குன்னு சொல்லிட்டு இன்னைக்கே கிளம்பிட்டாங்களாம், இப்பதான் அம்மா போன் பண்ணாங்க."

"எந்த மாப்பிள்ளை?"

"எனக்குத்தான் மேடம். வேலை செய்யற இடத்துல விசாரிக்கணும்னாங்க. எங்க மேடத்தைக் கேளுங்க, என்னைப் பத்தி அவங்க சொன்னா சரியா இருக்கும்னு நான்தான் சொன்னேன்." அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "எனக்கும் அவரைப் பிடிச்சிருக்கு மேடம்"னா.

வந்தவங்க யாருன்னு அப்பதான் புரிஞ்சுது.

பொண்ணு வேலை செய்யற இடத்துல வந்து விசாரிக்கறது எனக்குத் தெரியாத விஷயமா? என் கல்யாணத்துக்கு என்னைப் பத்தி ஆஸ்பத்திரி வாட்ச்மேன்கிட்ட விசாரிச்சிருக்காங்க. அந்த மனுஷன் நல்லவர், நல்லபடியா சொன்னார்.

பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். டாக்டரே ஓடறதைப் பாத்துட்டு உக்காந்திருந்த ரெண்டு பேஷண்ட்டும் எழுந்து நின்னாங்க.

பஸ் ஸ்டாப்ல ஆனேக்கல் பஸ் நகர ஆரம்பிச்சிருச்சு. வெள்ளை கோட்டும் கழுத்துல ஸ்டெதஸ்கோப்புமா கையைக் காட்டி ஏறிட்டேன். கண்டக்டர் பதறிட்டார். "தாரி பிடி, தாரி பிடி"ன்னு கன்னடத்துல கத்தி, கூட்டத்தை ஒதுக்கி வழி விட்டுட்டு, "யாரிகே ஏனாய்து மேடம்?"னார். டிரைவர் வண்டியை ஓரமா நிறுத்திட்டார்.

மொத்த பஸ்ஸும் என்னைப் பாக்குது.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. ஒரு கல்யாண விஷயம்"னேன்.

மூணாவது சீட்ல அந்தம்மா. பக்கத்துல நின்னுக்கிட்டு எல்லாத்தையும் கக்கிட்டேன். "நான் சொன்னது அத்தனையும் பொய்ங்க. தெருமுனை கிளினிக்லேர்ந்து ஆள் பிடிக்க வந்திருக்கீங்கன்னு நெனச்சுட்டேன். சுகுணா தங்கமான பொண்ணு."

"உங்களுக்கு ஆள் வேணும்னு ஒரு பொண்ணோட வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டீங்களே டாக்டரம்மா," அந்தம்மா நிதானமாத்தான் கேட்டாங்க. "இப்ப நல்ல பொண்ணுன்னு சொல்றதை மட்டும் எப்படி நம்பறது?"

நியாயமான கேள்வி. அவ்ளோ அசிங்கமா நான் என்னைக்கும் நின்னதில்ல.

பின் சீட்லேர்ந்து ஒரு குரல். "நம்ம கிளினிக் சுகுணாவா?" என் பேஷண்ட் ஒருத்தர், பத்து வருஷமா சுகர். "போன மாசம் நான் ஜிலேபி வாங்கறதைப் பாத்துட்டு, அங்கேயே நின்னு என் பொண்டாட்டிக்கு போன் போட்டுக் குடுத்துச்சுங்க."

அந்தம்மா திரும்பி உக்காந்தாங்க. "அப்புறம் சாப்பிட்டீங்களா?"

"எங்க சாப்பிடறது? கடைக்காரன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன். அதுலேர்ந்து அந்தத் தெருப் பக்கமே போறதில்ல."

அக்காவும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. "எங்க வீட்டுக்காரருக்கும் சுகர்தான். யார் சொன்னாலும் கேக்க மாட்டார்"னு அந்தம்மா மெதுவா சொன்னாங்க.

சம்பந்தம் அங்கேயே முடிவாச்சு. ஆனா அந்தம்மா எனக்கு ஒரு கண்டிஷன் போட்டாங்க.

"கல்யாணத்துக்கு அப்புறமும் உங்ககிட்டயே வேலைக்கு வரட்டும். ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு டான்னு அனுப்பிடணும். ஆனேக்கல் வந்து சேரணுமில்ல."

எங்க கிளினிக்ல கூட்டமே ஆறு மணிக்கு மேலதான். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள கண்டக்டர், "ஒப்புக்கொள்ளி மேடம், லேட்டாய்து"ன்னார். ஒத்துக்கிட்டேன்.

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. சுகுணா இப்பவும் என்கிட்டதான் இருக்கா. ஆறு மணி ஆனா பையைத் தூக்கிடறா. அதுக்கப்புறம் ரிசப்ஷனும் நான், டாக்டரும் நான். மாஸ்க் போட்டுக்கிட்டு வெளிய டோக்கன் குடுக்கறேன், உள்ள போய் ஊசி போடறேன்.

முந்தாநாள் புதுசா ஒருத்தர் வந்தார். ஒரு மணி நேரம் உக்கார வெச்சுட்டேன். எழுந்து வந்து மேஜையைத் தட்டினார்.

"டோக்கன் குடுக்கவே தெரியல, ஒரு மரியாதையும் இல்ல. உன்னை எல்லாம் யாரும்மா வேலைக்கு வெச்சது? நான் டாக்டர்கிட்டயே பேசிக்கறேன்."

"உள்ள போய் உக்காருங்க சார்"னேன்.

போய் உக்காந்தார். நானும் பின்னாடியே போய் எதிர் சீட்ல உக்காந்து, மாஸ்க்கைக் கழட்டி, "சொல்லுங்க"ன்னேன்.

கழட்டின மாஸ்க்கையும் என்னையும் மாறி மாறிப் பாத்துட்டு, "மூணு நாளா இருமல்"னு மட்டும் சொன்னார்.