அறுபத்து மூன்று அட்டைகளும் ஒரு கடைவாய்ப் பல்லும்

பல்வலி வந்தவர்கள் உலகில் கோடிக்கணக்கானோர் உண்டு. வலித்தவுடன் ஓடிப்போய் யாரோ ஒரு மருத்துவர் முன்னால் வாயைத் திறந்துவிட்ட அவசரக்காரர்கள் அவர்கள். அவர்களால் மனித குலத்துக்கு ஒரு பயனும் இல்லை. பல்வலியை முறைப்படி ஆராய்ந்து, வகை பிரித்து, அட்டை எழுதி, அகரவரிசையில் அடுக்கிய பெருமை ஒரே ஒருவரைத்தான் சேரும். பொது நூலகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் புத்தகங்களுக்கு அட்டை எழுதிவரும் அவருக்கு, உடன் வேலை செய்பவர்கள் ‘அட்டவணையம்மா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். காதில் விழுந்தபோது அவர் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்.

ஐம்பதை நெருங்கும் வயதிலும் அவருக்கு முப்பத்திரண்டும் சொந்தப் பற்கள். ஒன்றைக்கூட இழக்காமல் பணி ஓய்வு பெறுவது என்று மனதுக்குள் தீர்மானமே போட்டு வைத்திருந்தார். அப்படிப்பட்டவரின் கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லில் ஒரு காலையில் கடுகளவு கரும்புள்ளி தெரிந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீரென்றது.

“மருந்துக்கடை மாடியில ஒரு பல் டாக்டர் பொண்ணு இருக்கே, காட்டிட்டு வந்துடேன்” என்றார் வீட்டுக்காரர், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

“போர்டுல வெறும் ‘பல் டாக்டர்’னுதாங்க போட்டிருக்கு. என்ன வகைன்னே தெரியாம வாயத் திறந்துட முடியுமா?”

“பல் டாக்டர்ல என்ன வகை?”

இந்த அறியாமையைத் துடைக்கவே ஆராய்ச்சி அன்று மாலை தொடங்கியது. முதல் மாத முடிவில் இருபத்தெட்டு அட்டைகள் தயார். ஈறுக்கு ஒருவர், வேருக்கு ஒருவர், கம்பி கட்ட ஒருவர், போன பல்லின் இடத்தில் புதுப் பல் வைக்க ஒருவர், தாடையை அறுக்க ஒருவர், குழந்தைகளுக்கென்றே ஒருவர். இவர்கள் போக, டாக்டராக இல்லாமலே கறையை மட்டும் சுரண்டிச் சுத்தம் செய்பவர் வேறு. எந்தப் பல்லாக இருந்தாலும் முதலில் பார்த்து, தன்னால் முடிந்ததைச் செய்து, முடியாததை உரியவரிடம் அனுப்புகிற ‘பொதுப் பல் மருத்துவர்’ என்று ஒருவரும் இருப்பது தெரியவந்தது. அவருக்கு ஒரே ஒரு அட்டை. அதன் மூலையில் பென்சிலால் ‘சாதாரணம்’ என்று ஒரு குறிப்பு.

கடுகு மிளகானது.

“யாரையாவது போய்ப் பாரேன்” என்றார் வீட்டுக்காரர்.

“பட்டியல் இன்னும் முழுமையாகலைங்க.”

பட்டியல் முழுமையானதும் ‘தேர்வு’ நடந்தது. பெயருக்குப் பின்னால் போடும் பட்டங்களில் யாருக்கு அதிக எழுத்துகளோ அவரே சிறந்தவர் என்பது விதிமுறை. பதினொரு எழுத்துகளுடன் முதலில் வந்தவர் கம்பி கட்டுபவர். அவருடைய வரவேற்பறையில் பள்ளிச் சீருடைப் பெண்கள் ஏழு பேரும், அவர்களுடைய அம்மாக்கள் ஏழு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“பாப்பா எங்க மேடம்?” என்றாள் வரவேற்பில் இருந்தவள்.

“நான்தான்” என்றார் அட்டவணையம்மா, கம்பீரமாக.

கம்பி மருத்துவர் பார்த்துவிட்டு, பல் நேராகத்தான் இருக்கிறது, சொத்தையைச் சாதாரண டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். ‘சாதாரண’ என்ற சொல் அட்டவணையம்மாவைக் காயப்படுத்தியது. அதனால் பட்டியலை இன்னும் நீட்டி, பதின்மூன்று எழுத்துகளுக்கு உயர்ந்தார். அந்தப் பதின்மூன்று எழுத்துக்காரர் தாடை அறுவை நிபுணர். பெரிய மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், வண்டியிலிருந்து விழுந்து தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டவர்களுக்கு நடுவே அட்டவணையம்மா மூன்று மணி நேரம் காத்திருந்து உள்ளே போனார்.

“தாடை எங்கம்மா உடைஞ்சிருக்கு?”

“இன்னும் உடையல டாக்டர்.”

“அப்ப உடைஞ்சதும் வாங்க. இப்போதைக்குப் பக்கத்துல இருக்கிற பல் டாக்டரப் பாருங்க. சீக்கிரமாப் பாருங்க.”

பக்கத்தில் இருப்பவர் எப்படிச் சிறந்தவராக இருக்க முடியும்? அட்டைகள் அறுபத்து மூன்றாயின. இங்கே ஒரு மருத்துவ அதிசயத்தையும் பதிவு செய்யவேண்டும்: அட்டை எழுதிக்கொண்டிருக்கும்வரை அவருக்கு வலி தெரியாது. மருந்துக்கடையைக் கடக்கும்போது மாடியிலிருந்து ‘உய்ங்’ என்று இயந்திரச் சத்தம் கேட்டால் மட்டும் அவசரமாக ஒரு சந்தேகம் தோன்றும், அதைத் தீர்த்துக்கொள்ள வேகவேகமாக நூலகத்துக்குத் திரும்பிவிடுவார்.

நான்காம் மாதம் ஒரு கன்னம் இரண்டு கன்னங்களின் அளவுக்கு வீங்கியது. வீட்டுக்காரர் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு, மனைவியின் கையைப் பிடித்து மருந்துக்கடை மாடிப்படி ஏற்றினார். அட்டவணையம்மாவின் இன்னொரு கையில் அட்டைப் பெட்டி இருந்தது.

மாடியில் இருந்த பெண் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள். பல்லை லேசாகத் தட்டினாள். அட்டவணையம்மா நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழும்பினார்.

“முதல் மாசமே வந்திருந்தா அரை மணி நேரத்துல நானே அடைச்சிருப்பேன்மா. ரெண்டாம் மாசம்னாலும் பரவாயில்ல. வேர் சிகிச்சை பண்றவர் வியாழக்கிழமை வியாழக்கிழமை இங்கயே வருவாரு.”

“இப்போ?”

“பல்லு ரெண்டாப் பிளந்திருக்கு. எடுக்கிறதத் தவிர வழியில்ல.”

“எந்த வகை டாக்டர் எடுப்பாரு?”

“நான்தாம்மா எடுப்பேன். வீக்கத்துக்கு மாத்திரை தர்றேன், அஞ்சு நாள் கழிச்சு வாங்க.”

ஐந்தாம் நாள் பல் வெளியே வந்தது. மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் வலிக்கவே இல்லை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அட்டவணையம்மாவுக்கு அழுகை வந்ததற்கு அதுதான் காரணம்.

அவர் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, மருத்துவர் பெட்டியைத் திறந்து ஒவ்வோர் அட்டையாகப் படித்தாள். முகவரி, படிப்பு, பார்க்கும் நேரம், வீட்டிலிருந்து எத்தனை நிமிட நடை, எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில். அவள் முகத்தில் இருந்தது உண்மையான வியப்பு.

“இவ்வளவு அருமையான பட்டியல நான் பார்த்ததே இல்லம்மா” என்றாள். பிறகு பெட்டியை மெதுவாக மூடினாள். “ஒண்ணு மட்டும் கேக்கலாமா? இது டாக்டரக் கண்டுபிடிக்க எழுதினதா, கண்டுபிடிக்காம இருக்க எழுதினதா?”

நல்லவேளையாக, அட்டவணையம்மாவின் வாய் நிறையப் பஞ்சு இருந்தது.