மருமகள் கம்ப்யூட்டரில் மண்டையோடு

சென்னப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கம்ப்யூட்டரின் மூஞ்சியை மூடினார். மூடினால் போய்விடும் என்றெல்லாம் அவர் நினைக்கவில்லை. அது முறைத்த முறைப்பில் எதிரே நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

துண்டுக்குப் பின்னால் இருந்தது ஒரு மண்டையோடு. திரை முழுக்க ரத்தச் சிவப்பு. நடுவில் வெள்ளை மண்டை. ஒரு கண் பெரிசு, ஒரு கண் சிறுசு. கீழே கொட்டை எழுத்தில், அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி எழுதியிருந்தது: ‘ஆபத்து! வைரஸ் உள்ளது. கை வைக்காதீர்!’

கை வைத்தாயிற்று. அதுதான் சங்கடம்.

மருமகள் கலைமதி, பேத்தி காவியாவைக் கூட்டிக்கொண்டு ஏரியூரில் அம்மா வீட்டு விசேஷத்துக்குக் காலை பஸ்ஸில் போயிருந்தாள். பஸ் முக்குத் திரும்பியதும் இவர் எருதாட்ட வீடியோ பார்க்க உட்கார்ந்து சுவிட்சைப் போட்டார். எருதுக்குப் பதில் இது வந்து நின்றது. இவருடைய போனில் பேச மட்டும்தான் முடியும். இந்தப் பெட்டியில் எருது எருது அளவுக்கே ஓடும்.

போன மாதமும் இப்படித்தான் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வருகிற சத்தம் கேட்டுச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டியதில் அவள் செய்து வைத்திருந்த வேலை மொத்தமும் போயிற்று. அவள் கத்தவில்லை. “இந்த வேலை போச்சுன்னா நானும் பாப்பாவும் பெங்களூருக்கு அவர்கிட்டயே போயிட வேண்டியதுதான் மாமா” என்று மட்டும் சொன்னாள்.

கத்தியிருந்தால் தேவலை. அந்த ஒரு பெட்டியில் வேலை நடப்பதால்தான் மகன் பெங்களூரில் இருந்தும் மருமகளும் பேத்தியும் இந்த வூட்டில் இருக்கிறார்கள். பெட்டி செத்தால் அவர்களும் போவார்கள். அப்புறம் காலையில் மொபெட்டின் முன்னால் நின்றுகொண்டு ஹாரன் அடிக்கப் பிள்ளை ஏது?

வாசற்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அவர் பெண்டாட்டி பெரியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“என்னாங்க, துணி போத்திட்டீங்க? சங்கு ஊத ஆளு சொல்லட்டுமா?”

“வாயை மூடுடி. உள்ள ஏதோ பூந்துட்டுது.”

“அந்தப் புள்ள படிச்சுப் படிச்சு சொல்லிட்டுப் போச்சு, மாமாவைக் கிட்ட வுடாதீங்கன்னு.”

“நீ ஏன் வுட்ட?”

“எருது கயித்தை அறுத்துக்கிட்டா நான் என்னா பண்ணுவேன்?”

சென்னப்பன் துண்டுக்கு அடியில் கையை விட்டு சுவிட்சை அணைத்தார். ஒரு வெற்றிலை போடும் நேரம் பொறுத்துத் திரும்பப் போட்டார். துண்டின் ஓரத்தைத் தூக்கினால், பெரிய கண் முதலில் வந்தது. பிறகு சின்னக் கண். துண்டைத் திரும்ப இறக்கிவிட்டார்.

வேறு வழியில்லாமல் கம்பைநல்லூரில் மொபைல் கடை வைத்திருக்கும் முனிராஜுக்குப் போன் போட்டார். சென்னப்பன் மனிதர்களை நம்பாதவர். கோயிலில் கொடுக்கிற திருநீறையே முகர்ந்து பார்த்துத்தான் பூசுவார். முனிராஜை அவர் நம்பவில்லை. ஆனால் வேறு ஆளும் இல்லை.

முனிராஜ் மாந்தோப்பு வழியாக பைக்கில் வந்து இறங்கினான். பெண்டாட்டி பிள்ளை உள்ளவன்தான், ஆனாலும் மாங்காயைக் கண்டால் வாய் சும்மா இருக்காது.

“பெரியப்பா, தோப்புல மருந்து அடிச்சிருக்குன்னு போர்டு நிக்குதே. நெசமாவே அடிச்சிருக்கீங்களா?”

“ஒரு காய் தின்னுட்டு வந்து சொல்லு.”

முனிராஜ் வாயைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தான். அந்தத் தோப்பில் சென்னப்பன் ஒரு சொட்டு மருந்து அடித்ததில்லை. சுற்றிலும் பங்காளிகள் நிலம். வேலி போட்டால் ‘எங்களைத் திருடன்ங்கிறியா?’ என்று நல்லது கெட்டதுக்கு வராமல் போய்விடுவார்கள். அதனால் டிராக்டருக்கு அடித்து மிஞ்சிய பெயின்டில், ஒரு தகரத்தில் தன் கையாலேயே வரைந்து எழுதி நட்டு வைத்தார். காயும் பத்திரம், உறவும் பத்திரம்.

முனிராஜ் துண்டை விலக்கினான். ஒரு எட்டு பின்னால் வைத்தான்.

“பெரியப்பா, இது பெரிய எடத்து வைரஸு.”

“உனக்குத் தெரியுமா தெரியாதா? தெரியாதுன்னா இப்பவே சொல்லிடு.”

“தெரியாம என்னா? வைரஸைப் புடிக்கிறதுக்குன்னே ஒண்ணு இருக்குது. ஓசியிலயே கெடைக்கும்.”

“ஓசியா?” சென்னப்பனுக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது. ஓசியில் வந்தது எதுவும் அவர் வூட்டில் தங்கினதில்லை. ஆனால் பொழுது ஏறிக்கொண்டிருந்தது. சாயங்கால பஸ்ஸுக்கு அவள் வந்துவிடுவாள். “சரி, போட்டுத் தொலை” என்றார்.

முனிராஜ் எதையோ தேடி, முதலில் கண்ணில் பட்டதைத் தட்டி, கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று அமுக்கினான். “ஏற்கெனவே உள்ள இருக்கிற காவக்காரனை நிறுத்தச் சொல்லுது” என்றான். அதையும் நிறுத்தினான். பச்சைக் கேடயம் ஒன்று திரையில் வந்து சுற்றியது.

கொஞ்ச நேரம்தான். பிறகு ஆம்புலன்ஸ் மாதிரி ஊளையிட ஆரம்பித்தது. வாசலில் கோழிகள் சிதறின. பக்கத்து வூட்டு நாய் பதில் ஊளை போட்டது.

“நாப்பது வைரஸு!” என்றான் முனிராஜ்.

“ஒண்ணுதானடா இருந்துச்சு!”

“நூத்திப் பத்து, பெரியப்பா! முன்னூறு!”

“டேய், எடுக்கச் சொன்னா குட்டி போட வெக்கிறியா?”

பெரியம்மாள் அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள். “ஏனுங்க, வெடிக்குமா இது? நான் மாட்டை அவுத்து வெளிய கட்டட்டா?”

திரையில் ஒரு கட்டம் குதித்து வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடுமாம். காப்பாற்ற வேண்டுமானால் பணம் கட்ட வேண்டுமாம். உதவிக்கு ஒரு போன் நம்பர். உள்ளே இருப்பதெல்லாம் என்றால் கலைமதியின் வேலை. கலைமதியின் வேலை என்றால் காவியா. சென்னப்பன் முனிராஜின் பிடரியில் ஒன்று வைத்தார்.

“போடு அந்த நம்பரை. ஸ்பீக்கர்ல போடு.”

தேனாய் ஒரு குரல் வந்தது. “வணக்கம் சார். உங்க கம்ப்யூட்டரை இங்கேருந்தே பாத்துக்கிட்டிருக்கேன் சார். ரொம்ப மோசமான நிலைமை. ஐநூறு வைரஸ் இருக்கு.”

“நான் இன்னும் பேரே சொல்லலியே. யாரு கம்ப்யூட்டருன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?”

“எல்லாம் தெரியும் சார். கார்டு நம்பரை மட்டும் சொல்லுங்க, உடனே சரி பண்ணிடலாம்.”

அந்த ‘மட்டும்’ சென்னப்பனின் காதில் முள்ளாய்த் தைத்தது. ஒரு தடவை போர்வெல்லுக்கு நீரோட்டம் பார்க்க வந்தவன் இப்படித்தான் முதலில் பயமுறுத்தினான், அப்புறம் கையை நீட்டினான். அவர் முனிராஜைப் பார்த்துச் சைகை காட்டினார். பிளக்கைப் பிடுங்கு. முனிராஜ் முழித்தான். சென்னப்பன் தானே குனிந்து பிடுங்கினார். ஊளை அடங்கியது. திரை கறுத்தது. வூடு கம்மென்று ஆனது.

“தம்பி” என்றார் போனில், ரொம்பப் பணிவாக. “இப்ப எத்தினி வைரஸு தெரியுது?”

“அறுநூத்தி இருபது சார்! ஏறிக்கிட்டே இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க!”

“அடங்கொப்புரானே! பெட்டியில கரண்டே இல்லடா! செத்த மாட்டுக்கு எவன்டா பால் கணக்கு சொல்றது?”

தேன் குரல் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டது. சென்னப்பன் அதைவிடக் கெட்டதாக நாலு சொல்லி முடித்தார். கேட்க ஆளில்லாவிட்டாலும் மனசு ஆறியது.

“பாத்தியாடா? வைரஸைப் புடிக்க வந்தவன்தான் திருடன். பயமுறுத்திட்டுக் கையை நீட்டுனா அவன் போலி. போடுற ஊளை பொய், சொல்ற கணக்கு பொய். நெட்டுப் பெட்டியை அணைச்சுப்புட்டு அவனை மொதல்ல வெளிய தள்ளு.”

முனிராஜுக்கு வேர்த்திருந்தது. நெட்டை நிறுத்திவிட்டு, பிளக்கைத் திரும்பச் சொருகிக் கம்ப்யூட்டரைப் போட்டு, அதில் போட்டு வைத்திருந்த ஒவ்வொன்றின் பேரையும் தேடிப் பார்த்தான். இன்றைக்கு ஏறினது அந்தப் பச்சைக் கேடயம் ஒன்றுதான். நீக்கு என்று தட்டினான். ‘நீக்கினால் பெரும் ஆபத்து’ என்றது. திரும்பத் தட்டினான். ‘உங்கள் குடும்பத்தின் பாதுகாப்பை யோசியுங்கள்’ என்றது.

“குடும்பத்தைப் பத்திப் பேசுறான் பாரு, மானங்கெட்டவன். தட்டுடா!”

போயிற்று. பழைய காவக்காரனைத் திரும்ப எழுப்பி, முழுக்கச் சோதிக்கச் சொன்னான் முனிராஜ். பெரியம்மாள் நறுக்கின அவரைக்காய் குழம்பாகி, அதை மூன்று பேரும் சாப்பிட்டுக் கையும் கழுவினார்கள். அப்புறம்தான் அது முடிந்தது. எங்கும் ஒன்றுமில்லை, சுத்தம் என்றது.

“ஜெயிச்சுட்டோம் பெரியப்பா!” முனிராஜ் திறந்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மூடினான். கடைசிக் கட்டத்தையும் மூடினான்.

ரத்தச் சிவப்பு. வெள்ளை மண்டை. பெரிய கண், சின்னக் கண்.

முனிராஜ் மவுஸில் இருந்து கையை எடுத்தான்.

சென்னப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். காசு கேட்டவன் போலி, ஓடிவிட்டான். இவன் காசு கேட்கவில்லை. கார்டு கேட்கவில்லை. ஊளையிடவில்லை. கை வைக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிற்கிறான். ஒன்றும் கேட்காமல் எச்சரிக்கிறவன் எதற்குப் பொய் சொல்லப்போகிறான்? அப்படியானால் இதுதான் நிஜம்.

“காவக்காரன் கண்ணுக்கே தெரியலைன்னா…” என்று இழுத்தான் முனிராஜ்.

“தெரியலைன்னா?”

“கடையில ஆளு காத்துக்கிட்டிருக்குது பெரியப்பா.” பைக் மாந்தோப்புப் பக்கம் பறந்தது.

சென்னப்பன் மறுபடி துண்டைப் போர்த்தினார். இந்தத் தடவை பெரியம்மாள் சங்கைப் பற்றிப் பேசவில்லை. அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

“ஏனுங்க, நெசமாவே போயிடுவாங்களா?”

“போவ மாட்டாங்க” என்றார். குரல் அவருக்கே நம்பும்படியாக இல்லை.

வெயில் தாழ்ந்தபோது முக்கில் பஸ் நின்ற சத்தம் கேட்டது. காவியா முதலில் ஓடி வந்து, மொபெட்டில் தொற்றி ஹாரனை அமுக்கினாள். பின்னால் கலைமதி பையோடு வந்தாள். சென்னப்பன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். மத்தியானம் முழுக்க யோசித்து வைத்திருந்த பொய் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

“அம்மா கலைமதி, நான் அதைத் தொட்டுட்டேன். உள்ள ஏதோ பூந்துக்கிச்சு. வேற பெட்டி வேணும்னாலும் மாட்டை வித்து வாங்கித் தாரேன். இனிமே எருது பாத்தா என்னைச் செருப்பால அடி. புள்ளையை மட்டும் பெங்களூருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடாத.”

கலைமதி பையைக் கீழே வைத்தாள். உள்ளே போய்த் துண்டை எடுத்தாள். மண்டையோட்டைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள். அவர் கண் கலங்கியிருந்தது. அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சிரிக்கிறியா? பொழுதுக்கும் உசுரு போயிட்டுது இங்க! கம்பைநல்லூர்க்காரனே பயந்து ஓடுனான்! காவக்காரன் கண்ணுக்கே தெரியாத வைரஸு!”

“வைரஸும் இல்ல ஒண்ணும் இல்லீங்க மாமா. பூட்டுப் போட்டா உங்களை நம்பலைன்னு ஆயிடுமேன்னு, தோப்புல நீங்க வரைஞ்சு நட்டு வெச்ச மண்டையோட்டையே படம் புடிச்சு, ‘மருந்து’ங்கிற எடத்துல ‘வைரஸ்’னு மாத்தி நான்தான் போட்டு வெச்சேன்.”