த்ராட்டில் சரியானதும் புறப்படுகிறோம்

புதுப்பட்டினம்,
14-3-2006, செவ்வாய்.

மரியாதைக்குரிய சம்பந்தி கேசவன் அவர்களுக்கு,

தாமோதரன் வணக்கம் சொல்லி எழுதுவது. இவ்விடம் நானும் ராஜமும் சௌக்கியம். சாலிடரிங் அயர்ன் சுட்டு என் வலது ஆள்காட்டி விரலில் வந்த கொப்புளம் மட்டும் இன்னும் ஆறவில்லை. அவ்விடம் தங்கள் சர்க்கரையும், சம்பந்தியம்மாளின் முழங்காலும், தங்கள் இளைய மகனின் நுழைவுத் தேர்வும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

சென்ற ஞாயிறன்று தாங்கள் போனில், "சிங்கப்பூருக்கு என்னிக்குக் கிளம்பறதா உத்தேசம்?" என்று கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது. உண்மையில் லைன் கட்டாகவில்லை, நான்தான் வைத்தேன். இந்த விஷயத்தைப் போனில் விளக்க முடியாது, வயரிங் படம் போட்டுக்கூட விளக்கவேண்டி வரலாம் என்பதால் அப்படிச் செய்தேன். மன்னிக்கவும்.

அனுவுக்கு ஏப்ரல் பத்தாம் தேதி வாக்கில் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முதல் பிரசவம் எங்கள் வீட்டில் நடக்கவேண்டியது முறை. அவளுக்கு ஆபீஸில் லீவு இல்லாததால் சிங்கப்பூரிலேயே என்றாகிவிட்டது. எனவே தாயார் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. இடைஞ்சல் ராஜம்தான். அவளுக்கு விமானம் என்றால் பயம். இதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. முப்பத்துமூன்று வருடம் கூடவே இருந்தவனுக்குச் சொல்லித்தான் தெரியவேண்டுமா? எனக்குப் பயம் என்று எதுவும் இல்லை. 1981-இல் ஆபீஸில் பம்பாய்க்கு விமானத்தில் போகச் சொன்னபோது, சொந்த லீவு இரண்டு நாள் போட்டு ரயிலில் போனேன் என்பது உண்மைதான். அதற்குக் காரணம் வேறு. ரயிலில் எஞ்சின் நின்றால் ரயிலும் நின்றுவிடும். அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். முப்பத்தாறு வருடம் அளவுக்கருவிப் பிரிவில் வேலை பார்த்தவன், தான் சரிபார்க்காத கருவியை நம்பி எப்படி ஏறி உட்காருவான்? ஆகவே முதலில் விமானத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ராஜத்துக்குப் பழக்கிவிட வேண்டும், பிறகுதான் ராஜத்தை விமானத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தை மாதம் முடிவு செய்தேன்.

நாங்கள் அனுவோடு பேசுவதற்காக மாப்பிள்ளை ஹரிகிருஷ்ணன் வாங்கி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் இருக்கிறது. விமானம் ஓட்டிப் பழகும் சி.டி. ஒன்றும், ஜாய்ஸ்டிக் என்கிற கைப்பிடியும் வாங்கினேன். சி.டி.யில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மீனம்பாக்கம் ஓடுதளம் அப்படியே இருக்கிறது. குறை எங்கே என்றால் த்ராட்டிலில். த்ராட்டில் என்பது தங்கள் ஸ்கூட்டரில் வலது கையால் முறுக்குகிறீர்களே, அதன் அண்ணன். முன்னால் தள்ளினால் எஞ்சின் வேகம் கூடும், பின்னால் இழுத்தால் குறையும். ஜாய்ஸ்டிக்கின் அடியில் அதற்கென்று ஒரு நகரும் குமிழ் வைத்திருக்கிறார்கள். நம் கட்டைவிரல் நகம் அளவு. சீலிங் ஃபேன் ரெகுலேட்டர்கூட இதைவிடப் பெரியது. முந்நூறு பேர் உயிரைக் கட்டைவிரல் நகத்தால் நகர்த்துவது எனக்குச் சரியாகப்படவில்லை. அது நகர்கிறதா இல்லையா என்பதே கைக்குத் தெரியாது, குனிந்து பார்க்கவேண்டும். குனிந்து பார்த்த நேரத்தில் இரண்டு முறை பரங்கிமலையில் மோதினேன்.

உடனே சென்னையில் எலெக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய் விசாரித்தேன். மூன்று லிவர் வைத்து, மேஜை விளிம்பில் திருகி மாட்டிக்கொள்ளும்படி த்ராட்டில் தனியாகவே வருகிறதாம். கடைக்காரர் படம் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. "எப்ப வரும்?" என்றேன். "சிங்கப்பூர்லருந்து வரணும் சார், எப்ப வரும்னு சொல்ல முடியாது" என்றார். அன்று மாலையே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, ஒன்று வாங்கி அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அவர் மிகவும் பணிவாக, "இங்க கடை கடையா கிடைக்குது மாமா. நீங்களே வந்து கையில பிடிச்சுப் பார்த்து வாங்கிக்குங்க" என்றார். அதாவது, விமானம் ஏறுவதற்குத் தேவையான பொருளை வாங்க விமானம் ஏறவேண்டும். தங்கள் புதல்வரை நான் குறை சொல்லவில்லை. சிரித்தாரா என்று மட்டும் தெரியவில்லை.

சொந்தமாகச் செய்வதென்று தீர்மானித்தேன். பக்கத்து வீட்டுக் கருப்பன் என்னோடு ரிடையர் ஆனவர், கிரேன் ஆபரேட்டர். அவரிடம் ஜாய்ஸ்டிக்கைக் காட்டினேன். அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, சோப்பு டப்பா மாதிரி கீது? லிவர்னா கைக்குக் கனமா இருக்கணும். இருபத்தாறு வருசம் கிரேன்ல குந்திகினு இருந்தவன் சொல்றேன், கேளு" என்றார். மறுநாள் சதுரங்கப்பட்டினத்தில் ஒரு படகு மெக்கானிக்கிடமிருந்து, உடைத்துப் போட்ட படகின் வேக லிவரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பித்தளைக் குமிழ், இரும்புத் தண்டு, அடியில் பலகை. பிடித்தால் கை நிறைகிறது. நான் மூன்று நாள் துடைத்தும் மீன் வாடை மட்டும் போகவில்லை. ஜாய்ஸ்டிக்கைப் பிரித்து, அந்த நகரும் குமிழைக் கழற்றிவிட்டு, அதன் மூன்று ஒயர்களையும் நீட்டி, லிவரின் அச்சில் ஒரு வால்யூம் கண்ட்ரோலைப் பொருத்தி இணைத்தேன். ரேடியோவில் சத்தம் கூட்டுகிற அதே சாமான்தான். அங்கேதான் தப்பு நடந்தது. சத்தத்துக்குச் செய்த வால்யூம் கண்ட்ரோல், காதுக்கு இதமாக இருக்கட்டும் என்று முதலில் மெல்லக் கூடிக் கடைசியில் ஒரேயடியாகக் கூடும்படி செய்திருப்பார்கள். எனக்கு வேண்டியது சீராகக் கூடுவது. கடையில் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், நானும் கவனிக்கவில்லை. லிவரைப் பாதி தூரம் தள்ளியும் விமானம் ஓடுதளத்தில் மாடு மாதிரி நின்றது. இன்னும் ஓர் அங்குலம் தள்ளினேன். நேரே போய் டெர்மினல் கட்டடத்துக்குள் புகுந்தது. கருப்பன் எழுந்து நின்றுவிட்டார்.

சரியான சாமானைப் போட்டபின் அடுத்த குழப்பம். முன்னால் தள்ளினால் எஞ்சின் அடங்குகிறது, பின்னால் இழுத்தால் சீறுகிறது. இரண்டு ஓர ஒயர்களை மாற்றினால் தீர்ந்தது, எனக்குத் தெரியும். கருப்பன் விடவில்லை. "நம்ம பக்கம் இஸ்துக்கினா வேகம். அதான் சார் நியாயம். தள்ளினா தூரப் போவுது, நம்ம கைல இல்லன்னு அர்த்தம்" என்கிறார். இதில் நாலு நாள் பேச்சுவார்த்தை போனது. ஐந்தாம் நாள் அவர் சம்மதிக்க நான் ஒயரை மாற்றினேன். மாற்றியதை மறந்து, இறங்கும்போது பழைய கைப்பழக்கத்தில் முன்னால் தள்ளி, மாமல்லபுரத்துக்கு நேரே கடலில் இறங்கினேன்.

இப்படி எல்லாம் சரிசெய்து, கேலிபரேஷன் என்கிற அளவுப் பொருத்தமும் செய்து முடித்து, மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ராஜத்தை முதன்முதலாகச் சிங்கப்பூருக்கு அழைத்துச் சென்றேன். உண்மையான பயணம் போலவே நாலு மணி நேரம். எனக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் கைப்பையோடு உட்காரச் சொன்னேன். சீட் பெல்ட் விளக்கு எரியும்போது எழுந்திருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கேஸ் சிலிண்டர்காரன் வந்து மணி அடித்தான். ராஜம், "போய்த் திறந்துட்டு வந்துடறேன்" என்றாள். "பதினாறாயிரம் அடியில் கதவைத் திறப்பதா?" என்றேன். அவன் சிலிண்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதன்பிறகு அவள் பேசவில்லை. பயம் என்று புரிந்துகொண்டேன். பதினொன்றே முக்காலுக்கு, அந்தமானுக்குத் தெற்கே கடல் தவிர ஒன்றும் இல்லாத இடத்தில், கரண்ட் போய்விட்டது.

அந்த நிமிஷத்தைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்பவில்லை. திரை கறுத்தது. எஞ்சின் சத்தம் நின்றது. ஃபேனும் நின்றது. நான் லிவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றும், சட்டை முழுக்க நனைந்துவிட்டது என்றும் பிறகு சொன்னார்கள். கருப்பனின் மனைவி ரெபேக்காள் குவைத்தில் ஆஸ்பத்திரி ஒன்றில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். அவள் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாக லிவரிலிருந்து பிரித்து, சோடா கொடுத்து, "ஒண்ணியும் இல்ல சார், வூட்டுலதான் கீற. காலைக் கீழ வையி, தரை கீது பாரு" என்றாள். இந்தச் சம்பவம் ராஜத்தின் மனதை எவ்வளவு பாதித்திருக்கும் என்பதைத் தாங்களே ஊகிக்கலாம். அவள் அந்த நேரத்தில் சமையலறைக்குப் போய் அவரைக்காய் நறுக்க ஆரம்பித்துவிட்டாள். அதிர்ச்சி சிலருக்கு அப்படித்தான் வெளிப்படும்.

பிறகு கரண்ட் போனாலும் ஓடும்படி யு.பி.எஸ். வைத்தேன். அது வைத்ததும் உப்புக் காற்று வந்தது. கடலோரத்தில் எந்த உலோகமும் மாசக் கணக்கில் சுத்தமாக இருப்பதில்லை. லிவர் அசையாமல் இருக்கும்போதே எஞ்சின் தானாக ஏறி இறங்கி, ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்கியது. ஸ்ப்ரே அடித்துத் துடைத்தேன். சின்னச் சின்ன நடுக்கத்தைக் கண்டுகொள்ளாதபடி கம்ப்யூட்டரிலும் சொல்லிவைத்தேன். கண்டுகொள்ளாத அளவு கொஞ்சம் கூடிப்போய், நான் தள்ளியதையும் அது கண்டுகொள்ளவில்லை. அதையும் சரிசெய்து, சாப்பிட்டுவிட்டு வருவதற்குள், மீன் வாடைக்கு வந்த தெருப் பூனை ஒன்று லிவரின் மேல் முன்னங்கால் இரண்டையும் வைத்துச் சாய்ந்து நக்கிக்கொண்டிருந்தது. நான் வந்து பார்க்கும்போது விமானம் முழு வேகத்தில் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மொத்தத்தில் பூனை நன்றாகவே ஓட்டியது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில்தான், சிங்கப்பூர் போகும் விமானத்துக்கு எஞ்சின் இரண்டு என்பது என் கவனத்துக்கு வந்தது. என்னிடம் இருப்பது ஒரு லிவர். ஓர் எஞ்சின் பழுதானால் மற்றதை எதை வைத்துக் கட்டுப்படுத்துவது? இன்னொரு படகு லிவருக்குக் கருப்பன் கடப்பாக்கம் வரை சொல்லிவைத்திருக்கிறார். கிடைத்து, துடைத்து, பொருத்தி, இரண்டையும் ஒத்துப்போகச் செய்ய எப்படியும் வைகாசி ஆகிவிடும். ஆகவே தாங்களும் சம்பந்தியம்மாளும் ஏப்ரலில் முதலில் போய் அனுவைப் பார்த்துக்கொண்டால், நாங்கள் ஜூனில் வந்து மாற்றிக்கொள்வோம். ராஜத்திடம் இதை இன்னும் சொல்லவில்லை. அவள் பயம் தெளிய இன்னும் அவகாசம் தேவை. அவளை நான் அவசரப்படுத்த விரும்பவில்லை.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். தங்கள் இளைய மகனுக்குத் தேர்வு முழுவதும் பேனா தடையில்லாமல் எழுத என் ஆசி. பிறக்கப்போகும் குழந்தை தங்கள் நிறமும் எங்கள் பொறுமையும் கொண்டு விளங்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
தாமோதரன்

பி.கு.: சம்பந்தி அண்ணாவுக்கு ராஜம் எழுதுவது. இதைத் தபாலில் சேர்க்கச் சொல்லிச் செவ்வாய்க்கிழமை தந்தார். உறையை ஒட்டியிருக்கவில்லை, படித்துவிட்டேன். இன்று வெள்ளி.

எனக்குப் பயம் எல்லாம் ஒன்றும் இல்லை அண்ணா. அவர் ரிச்சி தெருவுக்குப் போகிற நாட்களில் நானும் ரெபேக்காளும் அந்த விமானத்தை ஓட்டியிருக்கிறோம். லிவரைத் தொடவே வேண்டாம். கீபோர்டில் எஃப் த்ரீ அழுத்தினால் வேகம் கூடும், எஃப் டூ அழுத்தினால் குறையும். சி.டி.யோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. மூன்று முறை சிங்கப்பூரில் இறக்கினேன். முதல் முறை தண்ணீரில், மற்ற இரண்டும் தரையில். இதை அவரிடம் சொல்லவில்லை. உங்களோடு இருக்கட்டும்.

மாப்பிள்ளை எங்கள் இரண்டு பேருக்கும் இந்த மாதம் இருபத்தாறாம் தேதிக்கு டிக்கெட் அனுப்பி ஒரு மாதம் ஆகிறது. அவரிடம் காட்டாமல் இரண்டையும் என் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஏப்ரலில் நான் அங்கே இருப்பேன். நீங்கள் ஜூனில் வந்தால் போதும்.

கரண்ட் போன அன்று அவர் கையைப் பார்த்தபிறகு எனக்குக் கோபம் எல்லாம் போய்விட்டது. வற்புறுத்தி அழைத்துப்போக மனசு வரவில்லை. அதனால் புதன்கிழமை, "எனக்கு மட்டும் டிக்கெட் வந்திருக்கு, நான் போய்ட்டு வரேன். ரெபேக்காள் உங்களுக்குச் சோறு கொடுப்பா" என்று சொன்னேன். அவர் மாடிக்குப் போய் ரொம்ப நேரம் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று முழுக்கக் கம்ப்யூட்டரைப் போடவே இல்லை.

இன்று காலை என் பெட்டியைத் திறந்தால், புடவைகளுக்கு நடுவில் அவருடைய ஷேவிங் செட் இருக்கிறது. பார்க்காத மாதிரி அதன்மேல் இன்னொரு புடவையை மடித்து வைத்துவிட்டேன்.