இழுத்துப் பிடிப்பவர்கள்

யானை தேன்கனிக்கோட்டைக் காட்டை விட்டிறங்கி ராகிக் கொல்லையில் நின்றால் வனத்துறைக்குப் போன் போடலாம். ‘பழக்கிவிடுபவர்’ இறங்கி வந்து உங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்தால் யாருக்குப் போடுவீர்கள்? அப்படி ஓர் இனம் இருக்கிறது. ஓசூர்ப் பக்கம், கம்பெனிகள் இருக்கும் இடத்திலெல்லாம் செழித்து வளர்கிறது. வாலோ கொம்போ கிடையாது. குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். படிக்காத பிள்ளை, குரைக்காத நாய், ஸ்டார்ட் ஆகாத பைக், சிரிக்காத மருமகள் என்று எதைப் பற்றி நீங்கள் குறைப்பட்டுக்கொண்டாலும் சரி, அது காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இப்படிக் கூவும்:

“ஒரு மாசம் எங்கிட்ட வுடுங்க. பழக்கிடறேன்.”

இந்த இனத்தில் ஒரு முழு வளர்ச்சி பெற்ற மாதிரி வேண்டுமென்றால், தளி ரோட்டில் இரண்டு ஏக்கர் கொல்லையும் அதன் நடுவில் மாடி வீடுமாக வாழும் ஆஞ்சப்பனைப் பாருங்கள். முப்பது வருஷம் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் இருந்து, தரக்கட்டுப்பாட்டு மேனேஜராக ஓய்வு பெற்றவர். கம்பெனி அவரை விட்டுவிட்டது. அவர் கம்பெனியை விடவில்லை. வீட்டு வாசலில் செருப்பு விடும் இடத்துக்கு மஞ்சள் கோடு அடித்திருக்கிறார். உப்பு ஜாடிக்கும் சர்க்கரை ஜாடிக்கும் லேபிள் ஒட்டியிருக்கிறார். முப்பது வருஷமாக அந்த ஜாடிகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த அவர் மனைவி நாராயணம்மா, லேபிள் வந்த பிறகுதான் முதன்முதலாகக் காப்பியில் உப்பைப் போட்டார்.

ஆஞ்சப்பனுடைய தத்துவம் மொத்தமும் ஒரு ஸ்பானருக்குள் அடங்கிவிடும். ஆடுகிறதா? முறுக்கு. இன்னும் ஆடுகிறதா? இன்னும் முறுக்கு. போல்ட்டுக்கு அது சரிதான். போல்ட் எங்கே எழுந்து ஓடப்போகிறது?

ஓய்வு பெற்ற பிறகு முறுக்க ஒன்றும் இல்லாமல் கை நமநமத்துக்கொண்டிருந்தவருக்கு, பெங்களூரில் பந்தயம் ஓடி முடித்த குதிரைகளைச் சல்லிசாகக் கொடுக்கிறார்கள் என்ற சேதி காதில் விழுந்தது. அதோடு மகள் ரஞ்சிதாவின் கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. இரண்டையும் அவர் மனசு ஒரே போல்ட்டில் மாட்டிவிட்டது. மாப்பிள்ளை அழைப்புக்கு மாப்பிள்ளை குதிரையில் வருவார்! வாடகைக் குதிரை இல்லை. மாமனார் தன் கையால் பழக்கிய குதிரை!

குதிரையின் பெயர் கோல்டன் எக்ஸ்கியூஸ். செம்பட்டை நிறம், நீளக் கால், எதையோ வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்ததுபோல் ஒரு பார்வை. லாயத்துக்காரர் ஒப்படைக்கும்போது நிதானமாகத்தான் சொன்னார்.

“சார், இவன் ரேஸ்ல ஓடுனவன். கடிவாளத்த இறுக்கிப் புடிச்சா ‘ஓடு’ன்னு அர்த்தம். எவ்ளோ இழுக்கறீங்களோ அவ்ளோ சாஞ்சிக்கினு ஓடுவான். வுட்டாத்தான் நிப்பான். அத மெதுவாத்தான் மறக்க வெக்கணும். மொதல்ல ஆறு மாசம் சும்மா மேய வுட்டுடுங்க.”

ஆஞ்சப்பனுக்குக் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை. சும்மா! ஆறு மாசம் சும்மா! அவருடைய லைனில் ஒருவன் ஆறு நிமிஷம் சும்மா நின்றதில்லை.

“தெரியும், தெரியும். வீடியோ எல்லாம் பாத்துட்டேன்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். தேறாத உதிரிபாகத்தைத் தூக்கிப்போடாமல் திரும்பச் சரிசெய்ய அனுப்பும்போது கம்பெனியில் ஓர் அட்டை மாட்டுவார்கள். அதில் ‘ரீவொர்க்’ என்று எழுதியிருக்கும். அந்த அட்டையைக் குதிரையின் கழுத்தில் மாட்டினார். குதிரை முதல் வேலையாக அதைத் தின்றது.

முதல் சவாரி. ஏறும்போதே தகராறு. பந்தயக் குதிரை நின்ற இடத்தில் நின்று ஆளை ஏற்றிக்கொள்ளாது. அது நடந்துகொண்டே இருக்கும், கூட நடக்கிறவர்கள்தான் ஜாக்கியைத் தூக்கிப் போடுவார்கள். ஆஞ்சப்பனை யார் தூக்கிப் போடுவது? பிளாஸ்டிக் ஸ்டூலோடு கொல்லையைச் சுற்றி வந்து ஒருவழியாகத் தொற்றிக்கொண்டார். குதிரை நடந்தது. வேகம் கொஞ்சம் கூடுதலாகப் பட்டது. இழுத்தார். குதிரைக்கு ஒரே சந்தோஷம். அடடா, இத்தனை நாள் கழித்து நம் பாஷை பேசும் ஓர் ஆள்! துள்ளி ஓடியது. இன்னும் இழுத்தார். பறந்தது. தக்காளிக் கொல்லையைத் தாண்டி, முட்டைக்கோஸ் பாத்தியைத் தாண்டி, பக்கத்து ரோஜாப் பண்ணையின் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் இவரை இறக்கிவிட்டுத்தான் மூச்சு விட்டது.

முள் எடுக்கும்போதே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். “கிரிப் பத்தல.”

கையுறை வாங்கினார். மறுபடி ரோஜா. கனமான கடிவாளம் வாங்கினார். மறுபடி ரோஜா, இந்த முறை அந்தப் பக்கத்து வாசல் வழியாக. பண்ணைக்காரர்கள் கூடாரத்தின் அந்தப் பக்கத்தை முன்கூட்டியே சுருட்டி வைக்கப் பழகிக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் ஆஞ்சப்பன் பழக்கியது அவர்களைத்தான் என்று சொல்ல வேண்டும்.

நாராயணம்மா முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “நீங்க இழுக்க இழுக்கத்தான அது ஓடுது? வுட்டுத்தான் பாருங்களேன்.”

“உனக்கு என்னா தெரியும் கன்ட்ரோலப் பத்தி?”

“எனக்குத் தெரியாதா? முப்பது வருசமா என்ன இழுத்துப் புடிச்சீங்களே, நான் என்னா நின்னுட்டனா? நீங்க வாயத் தொறந்தாலே ரெட்ட வேகத்துல சமையக்கட்டுக்கு ஓடறேன்.”

ரஞ்சிதா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. அவள் பெங்களூரில் வேலை தேடிக்கொண்டு போனதும் இதே காரணத்தால்தான்.

இதற்குள் விஷயம் தேன்கனிக்கோட்டைக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை மாதேஷின் அம்மா சாந்தம்மா போனில் வந்தார்.

“அண்ணா, எம்மவன் சைக்கிள்லயே வுழுந்தவன். குதிர வேணாங்ண்ணா.”

“ஒரு மாசம் அவரயும் எங்கிட்ட…”

“குதிரயால எம்மவனுக்கு ஒண்ணு ஆச்சின்னா, தாலி கட்டாம அப்புடியே கூட்டிக்கினு வந்துடுவேன். சொல்லிட்டேன்.”

ரஞ்சிதா அப்பாவிடம் கெஞ்சினாள். “நைனா, எனக்கு அவன முழுசா வேணும். அவன் கார்லயே வரட்டும்.”

“மாப்ளயே எங்கிட்ட சரின்னு சொல்லிட்டாரும்மா.”

சொல்லியிருந்தான். மாதேஷுக்கு ‘முடியாது’ என்ற சொல் எழுதப் படிக்கத் தெரியும், பேசத்தான் வராது. நல்ல பையன். ரஞ்சிதாவுக்கு அவனைப் பிடித்ததே அவன் யாரையும் எதற்கும் இழுக்க மாட்டான் என்பதால்தான். இப்போது அதுவே அவன் கழுத்துக்கு வந்து நின்றது.

மாப்பிள்ளை அழைப்பு அன்றைக்குச் சாயங்காலம், பிள்ளையார் கோவில் வாசலில், நடந்துகொண்டே இருந்த குதிரையின் மேல் நான்கு மாமன்மார்கள் மாதேஷைக் கோணி மூட்டையைப் போலத் தூக்கிப் போட்டார்கள். பட்டு வேட்டி, தலைப்பாகை, கழுத்து நிறைய மாலை, முகத்தில் ரத்தம் மட்டும் இல்லை. தெரு நேராகப் போய் மண்டப வாசலைத் தொடும். அதைத் தாண்டினால் கன்டெய்னர் லாரிகள் ஓடும் பெங்களூர் ஹைவே.

பேண்டு செட் முழங்கியது. குதிரை காதை விறைத்தது.

“இழுத்துப் புடிங்க மாப்ள!” என்றார் ஆஞ்சப்பன்.

நல்ல பையன் இழுத்தான். குதிரை பேண்டு செட்டை முந்தியது.

“இன்னும் டைட்டா!”

தட்டு ஏந்திய பெண்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். தேங்காய்கள் தெருவில் உருண்டன. சாந்தம்மாவின் அலறல் டிரம்பெட்டைத் தாண்டிக் கேட்டது. ஆஞ்சப்பன் பின்னாலேயே ஓடினார், ஓடிக்கொண்டே போதித்தார். “வுட்றாதீங்க மாப்ள! வுட்டா அவ்ளோதான்! இழு, இழு!”

மண்டப வாசலுக்குக் கல்யாணப் பெண் வரக்கூடாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ரஞ்சிதா வந்து நின்றாள். கையில் பாதி மருதாணி. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் லாரிச் சத்தம் ஒரு பக்கம், தன் வாழ்க்கை நாலுகால் பாய்ச்சலில் வருவது ஒரு பக்கம். அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“மாதேஷ்! உட்டுடு! ரெண்டு கையயும் உட்டுடு!”

பின்னால் மாமனார், இழு என்கிறார். முன்னால் பெண், விடு என்கிறாள். பிறந்ததிலிருந்து எல்லோர் பேச்சையும் ஒரே நேரத்தில் கேட்டுப் பழகியவன் மாதேஷ். முதல்முறையாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. கண்ணை மூடினான். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கடிவாளம் தொய்ந்து விழுந்தது. குதிரையின் பிடரியை மட்டும் மெதுவாகக் கட்டிக்கொண்டான்.

கோல்டன் எக்ஸ்கியூஸுக்குச் சாய்ந்துகொள்ள எதுவும் இல்லாமல் போயிற்று. பந்தயம் முடிந்துவிட்டதுபோல. ஓட்டம் குலுங்கி நடையானது. நடை மண்டப வாசலில் நின்றது. அங்கே கட்டியிருந்த வாழை மரத்தில் ஓர் இலையைக் கிழித்து மெல்ல ஆரம்பித்தது.

ரஞ்சிதா போய் மாதேஷின் காலைப் பிடித்துக்கொண்டாள். அவன் மருதாணிக் கறை பட்ட வேட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “எறங்கட்டுமா?” என்று கேட்டான். அவளிடம்தான் கேட்டான்.

மூச்சிரைக்க வந்து சேர்ந்தார் ஆஞ்சப்பன். கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். சம்பந்தியம்மாவைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார்.

“பாத்தீங்களா தங்கச்சி? கரெக்டா மண்டபத்து வாசல்ல ஸ்டாப்! ஒரு அடி இப்புடி அப்புடி இல்ல. அதான் ட்ரெய்னிங்.”

சாந்தம்மா மகனின் இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டார். நாராயணம்மா சமையல் கட்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்.

“மாப்ள உக்கார்ற பொசிஷன்தான் கொஞ்சம் சரியில்ல” என்றார் ஆஞ்சப்பன். “கல்யாணம் முடியட்டும்.”

சிரித்தீர்கள் இல்லையா? நல்லது. நடுவில் எங்கேயாவது, ‘இந்த ஆஞ்சப்பனுக்கு நாலு வார்த்தை எடுத்துச் சொல்ல ஆளில்லையே’ என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். தோன்றியிருந்தால் ஒரு சின்னச் சோதனை. இன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது உங்கள் மகனிடம், அவனுடைய நன்மைக்காகவே, ஒரு விஷயத்தை ஆரம்பித்துப் பாருங்கள். தட்டில் சோறு வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் குறைகிறதா? மனைவிக்கு உள்ளே திடீரென்று ஒரு வேலை ஞாபகம் வருகிறதா? ‘சரிண்ணா, அப்படியே செஞ்சிடறேன்’ என்று சொல்லிக்கொண்டே தம்பி வண்டிச் சாவியைத் தேடுகிறாரா?

கவலைப்பட ஒன்றுமில்லை. எல்லோரும் நன்றாகத்தான் ஓடுகிறார்கள். ஒரே ஒரு முறை குனிந்து, உங்கள் கைகளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.